பாப்பா முகத்தைப் போடுங்க

குழந்தைகளுக்குத் தோல் ஷூ தைத்து விற்கிறேன் என்று சொன்னதும், கேட்பவர்களில் பாதிப் பேர் ஒரு யோசனையும் சொல்லிவிடுகிறார்கள். "உங்க பாப்பாவுக்கே போட்டு வீடியோ எடுத்துப் போடுங்களேன். முகம் தெரியணும். அப்பத்தான் ரீச் ஆகும்." பல் டாக்டர் சொல்லியிருக்கிறார். சிலிண்டர் கொண்டுவருபவர் சொல்லியிருக்கிறார். என் மகளைப் பார்த்தே இராத ஒரு பெண்மணி, வேலூர் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து முறுக்கு தின்றபடி சொன்னார். யாரும் கெட்டவர்கள் இல்லை. அதனால்தான் எனக்குக் கோபம் கூடுதலாக வருகிறது. கெட்டவர்களிடம் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். இவர்களிடம் சிரித்து, "பாக்கலாங்க" என்று சொல்லவேண்டியிருக்கிறது.

ஷூ விற்க ஆன்லைனில் ஒரு பேஜ் தொடங்கியபோது நான் வைத்துக்கொண்டது ஒரே விதி. ஷூ வரலாம், மகள் வரக் கூடாது. இதற்குப் பெரிய கொள்கை எதுவும் காரணமில்லை. ஷூ கம்பெனியில் வேலை பார்த்த நாட்களில், சாப்பாட்டு நேரத்தில் யாரோ ஒரு குழந்தையின் வீடியோ கைக்குக் கை மாறியது. சோறு ஊட்டும்போது தூங்கி விழுகிற குழந்தை. தட்டில் மூக்கு படுகிறது, விழித்துக்கொள்கிறது, அழுகிறது, மறுபடி தூங்குகிறது. மேசை முழுக்கச் சிரிப்பு. "பாக்கறதுக்கே காமெடி மூஞ்சி" என்றாள் ஒருத்தி. அப்போது நான் கர்ப்பமாக இருந்தேன். அந்தக் குழந்தை எந்த ஊர், இப்படி ஒரு மேசையில் தன் பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்பது அதன் அம்மாவுக்குத் தெரியுமா என்று எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. அவ்வளவுதான் காரணம். மற்றவர்களுக்கு இது போதுமான காரணமாகத் தோன்றவில்லை என்பது போகப் போகத் தெரிந்தது.

நான் வேலை பார்த்தது ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் சாம்பிள் ரூமில். பி.காம். படித்த எனக்குத் தைக்கிற வேலை இல்லை. புது மாடல் தயாரானதும் அதைப் போட்டோ எடுத்து, அளவு விவரங்களோடு வெளிநாட்டுப் பையருக்கு, அதாவது மொத்தமாக வாங்குகிறவருக்கு, மெயில் அனுப்புகிற வேலை. மகள் பிறந்ததும் நின்றுவிட்டேன். வீட்டில் சும்மா இருக்கப் பயமாக இருந்தது. சாம்பிள் ரூம் பெண்களைப் பார்த்துப் பார்த்துக் கற்றிருந்த கைவேலை இருந்தது. ஷூவுக்குள்ளே உள்பக்கம் வைக்கிற மெல்லிய ஆட்டுத்தோல் துண்டுகள் எடைக்குக் கிடைக்கும். நடை பழகும் குழந்தைகளுக்கு அதில் ஷூ தைத்தேன். காலைக் கடிக்காது, வியர்வையில் நாறாது. தெருவில் நாலு வீட்டில் வாங்கினார்கள்.

பேஜ் தொடங்கிக் கொடுத்தது என் நாத்தனார். கணவரின் தங்கை. எங்களோடு இருந்துதான் காலேஜ் போகிறாள். எந்த நேரத்தில் போஸ்ட் போடவேண்டும், எந்தப் பாட்டு இந்த வாரம் ஓடுகிறது, எழுத்தை எந்த நிறத்தில் வைத்தால் தள்ளிக்கொண்டே போகிற விரல் நிற்கும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. "அண்ணி, நீங்க தைங்க, மத்ததை நான் பாத்துக்கறேன்" என்றாள். போட்டோ மட்டும் நான்தான் எடுப்பேன் என்றேன். அது எனக்குத் தெரிந்த வேலை. வெள்ளைச் சார்ட் பேப்பர், ஜன்னல் வெளிச்சம், பக்கவாட்டில் ஒரு படம், மேலிருந்து ஒரு படம். பளிச்சென்று வந்தன.

ஷூ வேலையில் ஒரு வழக்கம் உண்டு. சாம்பிள் என்றால் ஒரு கால்தான். வலது காலுக்கு மட்டும் தைத்து அனுப்புவார்கள். பையருக்குப் பார்க்க ஒன்று போதும். எதற்கு வீணாக இன்னொன்று? அந்த ரூமில் வரிசை வரிசையாக ஒற்றை ஷூக்கள் அலமாரியில் நிற்கும். வருடக்கணக்கில் ஒற்றை ஷூவையே போட்டோ எடுத்துப் பழகிய என் கை, வீட்டிலும் ஒற்றை ஷூவையே எடுத்தது. பேஜில் எந்தப் படத்திலும் ஜோடி இல்லை. என் கணவரும் ஷூ கம்பெனியில்தான், கட்டிங் செக்‌ஷனில் சூப்பர்வைசர். அவர் பார்த்தார், ஒன்றும் தோன்றவில்லை. எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவராவது ஷூ வேலைக்குப் போகிறார்கள். அத்தனை பேரும் பார்த்து, லைக் போட்டு, "சூப்பரா கீது" என்று சொன்னார்கள். ஒருவர்கூட இன்னொரு கால் எங்கே என்று கேட்கவில்லை.

வெளியூர்க்காரர்கள் கேட்டார்கள். முதலில் ஒரு அம்மா, "இது ஒரு ஷூவோட ரேட்டா, ஜோடி ரேட்டா?" என்று எழுதினார். எனக்குக் கேள்வியே புரியவில்லை. ஒற்றை ஷூவை யார் விற்பார்கள்? நாத்தனாரிடம் காட்டினேன். அவளுக்கும் புரிய ஒரு நிமிடம் ஆனது. பிறகு தலையில் கைவைத்துக்கொண்டு, "அய்யோ அண்ணி, எல்லாமே ஒத்தக் கால் அண்ணி!" என்றாள்.

அதற்குள் ஒருவர் கமெண்ட் போட்டிருந்தார். "திருஷ்டிக்கு லாரி பின்னாடி கட்டணும். இதுல ஒண்ணு அனுப்புவீங்களா?" கணவர் அதைப் படித்து விழுந்து விழுந்து சிரித்தார். "லாரிக்கு பத்தாது, சைக்கிளுக்குக் கட்டலாம்." எனக்கும் சிரிப்பு வந்தது. உடனே எல்லா மாடலையும் ஜோடியாக எடுத்துப் போட ஆரம்பித்தோம். சிரித்துவிட்டுப் போயிருக்கவேண்டிய விஷயம்.

அப்படிப் போக விடவில்லை ஒருவர். நுகர்வோருக்கு விழிப்புணர்வு தருவதாகச் சொல்லி வீடியோ போடுபவர். எந்த ஊர் என்று தெரியாது. கையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, பின்னால் என் பேஜை ஓடவிட்டு அவர் பேசினார்: "மக்களே, இந்தப் பேஜைப் பாருங்க. எத்தனை போஸ்ட். எல்லாத்துலயும் ஒரே ஒரு ஷூ. இன்னொண்ணு எங்கன்னு நான் கேக்கல. நீங்க கேளுங்க."

கேட்டார்கள். எங்கெங்கோ இருந்தெல்லாம் வந்து கேட்டார்கள். "திருட்டுக் கூட்டம்." "ஒத்த ஷூ அக்கா." "பணம் போட்டா ப்ளாக் பண்ணிடுவாங்க, என் ஃப்ரெண்டுக்கு நடந்துச்சு." யார் அந்த ஃப்ரெண்ட்? நான் யாரையும் ப்ளாக் செய்ததில்லை. எப்படிச் செய்வது என்றுகூட அப்போது எனக்குத் தெரியாது. மகளை மடியில் போட்டுக்கொண்டு ஒவ்வொருவருக்கும் பணிவாகப் பதில் எழுதினேன். "வணக்கம், சாம்பிள் என்பது ஒரு காலுக்கு மட்டும் தைப்பது எங்கள் தொழில் வழக்கம்." அதற்கு ஒருவர் கைதட்டிச் சிரிக்கும் பொம்மை போட்டார். இன்னொருவர், "நல்லா கதை உடுறீங்க" என்றார். வாங்கியவர்கள் வந்து உண்மையைச் சொல்வார்கள் என்று எதிர்பார்த்தேன். ஒரே ஒரு தாய், "எனக்கு ரெண்டும் வந்துச்சே" என்று எழுதினார். அவரையும் என் சொந்தக்காரர் என்று சொல்லிவிட்டார்கள்.

புகார் கொடுத்தேன். அந்த வீடியோவின் ஓரத்தில் மூன்று புள்ளி இருக்கிறது, அதைத் தொட்டால் வழி காட்டும். நான்கு முறை யோசித்து, பிழையில்லாத ஆங்கிலத்தில் விளக்கம் எழுதிவைத்திருந்தேன். எழுத இடமே இல்லை. கொடுத்திருக்கிற காரணங்களில் ஒன்றைத் தொடலாம், அவ்வளவுதான். தொட்டேன். பரிசீலித்துவிட்டோம், இதில் விதிமீறல் எதுவும் இல்லை என்று பதில் வந்தது. மகளின் பால் காய்வதற்குள் பரிசீலித்துவிட்டார்கள். எந்த மனிதர் உட்கார்ந்து பரிசீலித்தார்?

கடைசியில் அந்த ஆளுக்கே செய்தி அனுப்பினேன். அண்ணா என்று கூப்பிட்டுத்தான் எழுதினேன். நான் யாரையும் ஏமாற்றவில்லை, இப்போது ஜோடியாகத்தான் படம் இருக்கிறது, வீடியோவை எடுத்துவிடுங்கள் என்றேன். குரல் பதிவாகவே பதில் வந்தது.

"சிஸ்டர், நான் உங்கள ஏமாத்துக்காரின்னு சொல்லவே இல்லியே. கேள்விதான் கேட்டேன்."

"அந்தக் கேள்விய என்னாண்ட கேட்டிருக்கலாமே அண்ணா."

"உங்ககிட்ட கேட்டா யார் சிஸ்டர் பாப்பாங்க?"

அந்த ஒரு வரியை இன்றுவரை என்னால் விழுங்க முடியவில்லை. அதற்கும் மேலே ஒரு உதவியும் செய்ய முன்வந்தார். "உங்களுக்குக் குழந்தை இருக்குல்ல? ரெண்டு கால்லயும் போட்டு நடக்கவிட்டு ஒரு வீடியோ போடுங்க. மூஞ்சி தெரியற மாதிரி. நானே ஷேர் பண்றேன்."

வீட்டில் பேச்சு இதுவாகவே ஆனது. ஆர்டர் நின்றுபோயிருந்தது. கணவர் என்னை வற்புறுத்துகிற ஆள் இல்லை. ஆனால் சாப்பிட்டுக்கொண்டே, "எங்க செக்‌ஷன்லகூடக் கேட்டானுங்க, இன்னா உன் வூட்டுக்காரி மேட்டர்னு" என்றார். அது எனக்குச் சுருக்கென்று பட்டது. நாத்தனார் பொறுமையாகத்தான் சொன்னாள்.

"அண்ணி, எல்லா பேபி பேஜும் அப்படித்தான் பண்றாங்க. ஷூ மட்டும் காட்டினா கடை. குழந்தையக் காட்டினா ஃபேமிலி. நம்புவாங்க."

"என் பொண்ணு எதுக்குடி சாட்சி சொல்லணும்? அவ இன்னா பண்ணா?"

"சாட்சி கீட்சின்னு ஏன் அண்ணி பெரிசா பேசறீங்க? ரீல்ஸ்தானே?"

நான்தான் பெரிதாக்குகிறேனோ என்று எனக்கே சந்தேகம் வந்தது. எனக்கு எதிலும் சந்தேகம் வரும். காய்ச்சல் மருந்தை அளந்து ஊற்றிவிட்டு மறுபடி மூடியைப் பார்ப்பவள் நான். இதிலும் என் மனதை நானே நம்பாமல், முழங்காலுக்குக் கீழே மட்டும் எடுப்போம் என்று ஒத்துக்கொண்டேன்.

மொட்டைமாடியில் எடுத்தோம். பழுப்பு நிற ஜோடி. நாத்தனார் போனைத் தரையோடு தரையாகப் பிடித்திருந்தாள். மகள் தத்தித் தத்தி நடந்தாள். நடுவில் நின்றாள். போனில் என்ன தெரிகிறது என்று பார்க்கக் குனிந்தாள். குனிந்தவள் தலைகீழாகத் தன் அத்தையைப் பார்த்துச் சிரித்தாள். இரண்டு பல் தெரிய, மூக்கைச் சுருக்கி, வீட்டு மனிதர்களிடம் மட்டும் சிரிக்கிற சிரிப்பு. அது வேண்டாம், வெட்டிவிடு என்று சொல்லிவிட்டுத்தான் கீழே இறங்கினேன்.

அவள் வெட்டியது நடையை. வைத்தது சிரிப்பை.

மறுநாள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டு மாடியிலிருந்து ஒரு பெண் கத்தினாள். "பாப்பா செம்ம வைரலு!" நான் கிளிப்பைக் கீழே போட்டுவிட்டு ஓடினேன். அதற்குள் பார்த்தவர்களின் எண்ணிக்கை எங்கேயோ உயரத்துக்குப் போயிருந்தது. நாத்தனார் முகமெல்லாம் வெளிச்சமாக நின்றாள். "அண்ணி, திட்டாதீங்க. மொதல்ல இன்பாக்ஸப் பாருங்க."

பார்த்தேன். ஆர்டர் மேல் ஆர்டர். விழிப்புணர்வுக்காரரும் ஷேர் செய்திருந்தார். "நம்ம கேள்வி கேட்டதாலதான் இன்னிக்கு இந்த சிஸ்டர் பதில் சொல்லியிருக்காங்க, விழிப்புணர்வுக்குக் கிடைச்ச வெற்றி" என்று. என் மகளின் சிரிப்பு அவருக்கு வெற்றி! பத்து விரலும் தோலிலும் நூலிலுமாக இருந்த நாட்கள் அவை. திட்டுவதற்குக்கூட நேரம் இல்லை. பேஜ் பிழைத்தது, இனி நானும் வீட்டிலிருந்தே பிழைத்துக்கொள்ளலாம், ஒரே ஒரு வீடியோதானே என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

கமெண்ட்டுகளைப் படிக்காமல் இருந்திருக்கலாம். படித்தேன். பெரும்பாலும் இதயம்தான், முத்தம்தான். இடையிடையே: "கலர் கொஞ்சம் கம்மி, ஆனா களையா இருக்கு." "ஏன் இவ்ளோ ஒல்லி? அம்மா சோறு போடறதில்லியா, ஷூ தைக்கவே டைம் சரியா இருக்குமோ?" "காதுல ஒண்ணும் காணோம், நெத்தியில பொட்டக் காணோம், எந்த ஆளுங்க?" எந்த ஆளுங்க! பேசக்கூடத் தெரியாத குழந்தையிடம் வந்து கேட்கிறார்கள். அந்த வரிக்குக் கீழே மூன்று பேர் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள், என் மகளின் படத்தின் மேல் நின்றுகொண்டு.

பிறகு வேறு ஊர்ப் பேஜ் ஒன்று அந்த வீடியோவை எடுத்து, ரப்பர் செருப்பு விற்க ஆரம்பித்தது. காலைச் சுற்றி மங்கலாக்கிவிட்டு, மேலே தங்கள் விலையை எழுதியிருந்தார்கள். முகம் மட்டும் அப்படியே. எடுங்கள் என்று எழுதினேன். "டேக் பண்ணிருக்கோமே அக்கா, உங்களுக்கும் ஃபாலோயர்ஸ் வருமே" என்று பதில் வந்தது, கும்பிடும் கையோடு.

என் அம்மா வீடு குடியாத்தம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போய்ப் பஸ் ஸ்டாண்டில் இறங்கினேன். மகள் இடுப்பில். ஒரு பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, "ஏய், இது அந்த ஷூ பாப்பாடி!" என்று தன்கூட வந்தவளிடம் சொன்னாள். என்னைப் பார்க்கவே இல்லை. கையை நீட்டி மகளைத் தூக்கிக்கொண்டாள். கடையில் தொங்கும் பையை எடுத்துப் பார்ப்பது போல. நான் "அவ புதுசா யாராண்டயும் போமாட்டாளுங்க" என்று சொல்வதற்குள் இன்னொருத்தி போனை உயர்த்திவிட்டாள்.

மகள் அழுவாள் என்று காத்திருந்தேன். அவள் அழவில்லை. போனைப் பார்த்தாள். உடனே தலையைச் சாய்த்து, மூக்கைச் சுருக்கி, இரண்டு பல்லும் தெரியச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே, ஷூ போட்ட காலைத் தூக்கிக் காட்டினாள்.

எங்கே கற்றாள்? அந்த வீடியோ வந்த நாளிலிருந்து வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் போனை நீட்டி, "சிரி பாப்பா, காலக் காட்டு பாப்பா" என்று கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். நான் அடுப்படியிலும் தையல் மிஷினிலும் இருந்தேன். அன்று சாயங்காலம் கணவர் ஏதோ அழைப்பை எடுக்கப் போனைத் தூக்கினார். மகள் விளையாட்டை நிறுத்திவிட்டு அதே போல் தலையைச் சாய்த்தாள், அதே சிரிப்பு, அதே கால். அவர் கவனிக்காமல் பேசிக்கொண்டே வெளியே போனார். அவள் காலைத் தூக்கியபடி, யாராவது "சூப்பர்" என்று சொல்வதற்காகக் காத்துக்கொண்டு நின்றாள்.

நாத்தனாரைக் கூப்பிட்டேன். அவள் எதிரிலேயே வீடியோவை அழித்தேன்.

"அண்ணி! இன்னா பண்றீங்க? ஆர்டர் எல்லாம் அதுலதானே வருது!"

"வரட்டும், வராம போகட்டும். அவ அந்தச் சிரிப்ப உன்னப் பாத்து சிரிச்சா. நீ அத ஊருக்குக் குடுத்துட்ட."

அவள் கண் கலங்கியது. "நான் நல்லதுக்குத்தானே அண்ணி பண்ணேன்? உங்கள ஒத்த ஷூ அக்கான்னு சொன்னப்ப எனக்கு எவ்ளோ பேஜாரா இருந்திச்சி தெரியுமா?" அது உண்மை. அவள் எனக்காக அந்தக் கமெண்ட்டுகளில் இரவும் பகலும் சண்டை போட்டவள். ஆனால் கோபத்தில் இன்னொன்றும் சொன்னாள். "அப்போ மறுபடி கம்பெனி பஸ் ஏற வேண்டியதுதான், பாப்பாவ யாராண்ட விட்டுட்டுப் போவீங்க?" கணவர் உள்ளே வந்து இருவரையும் பார்த்துவிட்டு, "எல்லாரும் பாத்து முடிச்சாச்சு. இப்ப அழிச்சி இன்னா பிரயோஜனம்?" என்றார்.

இருவர் பேச்சிலும் நியாயம் இருந்தது. நியாயம் இருந்தும் நான் அதைத் திரும்பப் போடவில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் போனை நீட்டினால், "உள்ள வெச்சிடுங்க" என்று முகத்துக்கு நேராகச் சொல்கிறேன். திமிர் ஏறிவிட்டது என்று பேச்சு. ஏறட்டும். மகள் இப்போது போனைக் கண்டால் காலைத் தூக்குவது குறைந்திருக்கிறது. முழுக்க நிற்கவில்லை.

ஆர்டர் குறைந்தது. நின்றுவிடவில்லை. நாத்தனார் பத்து நாள் முறைத்துக்கொண்டிருந்துவிட்டு, ஒரு நாள் தானாகவே வந்து என் கைகள் தைப்பதை மட்டும் எடுத்துப் போட்டாள். அதைப் பார்க்கவும் சிலர் இருக்கிறார்கள். கம்பெனி பஸ் வேண்டுமா வேண்டாமா என்று நானும் கணவரும் இன்னும் பேசி முடிக்கவில்லை. போன வாரம் ஒருவர், "முன்னாடி பாப்பா வீடியோ இருந்துச்சே, எடுத்துட்டீங்க, ஃபேக் பேஜா?" என்று கேட்டிருந்தார். முன்பு போல் வணக்கம் போட்டு ஆரம்பிக்கவில்லை. "இங்கே ஷூதான் விற்கிறோம். பாப்பா எங்கள் வீட்டுப் பெண்" என்று எழுதினேன். கணவர், கஸ்டமரிடம் இவ்வளவு முறைப்பு வேண்டுமா என்றார். திருத்தலாமா என்று இரண்டு தடவை போனை எடுத்தேன். திருத்தவில்லை.

ரப்பர் செருப்புப் பேஜில் அவள் இன்னும் தலைகீழாகச் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறாள். தினமும் மகள் மதியம் தூங்கியதும் அந்த மூன்று புள்ளியைத் தொட்டுப் புகார் கொடுக்கிறேன். விதிமீறல் இல்லை என்று பதில் வருகிறது. எந்த விதி அது, யார் வீட்டுக் குழந்தைகளை வைத்து அதை எழுதினார்கள் என்று கேட்க அங்கே இடம் இல்லை. அவள் எழுந்துகொள்கிற சத்தம் கேட்டால் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போகிறேன். இன்றைக்கும் புகார் கொடுத்தாயிற்று. நாளைக்கும் கொடுப்பேன்.